ரெண்டுன்னு எழுதிக்குங்க

வார்டில் யாரைக் கேட்டாலும் தெரியாது என்றார்கள். அதுவும் கொஞ்சங்கூடக் கூச்சமில்லாமல், சிரித்த முகத்தோடு சொன்னார்கள். லிஃப்ட் மெக்கானிக்கை ஆபரேஷன் முடித்துக் கட்டிலில் கொண்டுவந்து போட்டு நாலு மணி நேரம் ஆகியிருந்தது. நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரைக்கும், இந்த விலாவிலிருந்து அந்த விலா வரைக்கும் ஒரே வெள்ளைப் பிளாஸ்திரி. அதற்கு அடியில் இருப்பது ஒரு நீளமான வெட்டா, நாலைந்து சின்னத் துளைகளா என்பதுதான் அவர் மனைவி கேட்ட கேள்வி. நர்ஸுக்குத் தெரியாது. தாடி வைத்த வார்டு டாக்டருக்குத் தெரியாது. தரை துடைக்க வந்தவரிடமும் கேட்டுப் பார்த்தாள். அவர் பாவம், என்ன கேட்கிறாள் என்று புரியாமல் கட்டிலுக்கு அடியில் குனிந்து தேடிவிட்டுப் போனார்.

தெரிந்தவர் ஒருவர் உண்டு. ஆபரேஷன் செய்த சர்ஜன். ஆனால் நாலாம் நாள் பிளாஸ்திரியை எடுக்கும்வரை அந்த அம்மாள் இந்த வார்டுப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்று ஏற்பாடு.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாமல் நடந்த காரியமும் இல்லை. அவளும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, பதினோரு பக்கம் வாசித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதான். அவருக்குப் பெருங்குடலில் புற்றுக்கட்டி. வயிற்றை நீளமாகத் திறந்தும் அதை எடுக்கலாம், துளை போட்டுக் குழாய் விட்டும் எடுக்கலாம். இரண்டிலும் கட்டி வந்துவிடும். எதில் ஆள் சீக்கிரம் எழுந்து நடக்கிறார் என்பதுதான் ஆராய்ச்சி. யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யும். படுத்திருப்பவரும் பார்த்துக்கொள்பவர்களும் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசிவிடக் கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஒரே அளவில் பிளாஸ்திரி. கேட்கும்போது நன்றாகப் புரிந்த மாதிரிதான் இருந்தது. வீட்டுக்கு வந்து நாத்தனாருக்குப் போனில் விளக்கப் போனபோதுதான் தனக்கே ஒன்றும் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அப்படியானால் எது நல்லது என்று டாக்டருக்கே தெரியாதா என்று நாத்தனார் கேட்டாள். தெரியாதாம் என்றாள் இவள். தெரியாமலா இத்தனை வருஷம் படித்தார்கள் என்று கேட்டுவிட்டு நாத்தனார் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டாள்.

அவள் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். கோட்டைப் பிரித்துத் தோளைக் குறைப்பது, இடுப்பை விட்டுக் கொடுப்பது, கிழிந்த உள்துணியை மாற்றுவது அவள் வேலை. ஒரு தையலைப் பார்த்தாலே போட்டவர் பொறுமைசாலியா, வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தவரா என்று சொல்லிவிடுவாள். அப்படிப்பட்டவளிடம் தையலை மூடி ஒட்டிவிட்டு நாலு நாள் பேசாமல் இரு என்றால் எப்படி இருப்பாள்?

அவளைக் குடைந்தது அது மட்டுமாக இருந்திருந்தால் பரவாயில்லை. ஆறு வருஷத்துக்கு முன் அவளுடைய அண்ணனுக்கும் வயிற்றில் இதே நோய் வந்தது. வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. நீளமாகத் திறந்தார்கள். உள்ளே எங்கு பார்த்தாலும் பரவியிருந்தது. ஒன்றையும் தொடாமல் தைத்து மூடிவிட்டார்கள். மறுநாளிலிருந்தே அண்ணன் வலி தாங்காமல் துடித்தார், இரண்டு மாதம் தாண்டவில்லை. அன்றைக்கு அவள் தலைக்குள் ஒரு கணக்கு ஏறி உட்கார்ந்துகொண்டது. பெரிய வெட்டு என்றால் பெரிய வலி. பெரிய வலி என்றால் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட அன்று இதை அவரிடம் சொல்லி அழுதாள். துளை விழுந்தால்தான் பிழைப்பீர்கள், வெட்டு விழுந்தால் என் அண்ணன் கதைதான் என்றாள். அப்படி இல்லை என்று அவரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எந்த லிஃப்டையும் கழற்றி மாட்டத் தெரிந்த மனுஷனுக்கு இந்தக் கணக்கைக் கழற்றத் தெரியவில்லை.

சாயங்காலம் தாடி டாக்டர் வந்தபோது இன்னொரு தரம் பிடித்துக்கொண்டாள். கட்டியை எடுத்தாயிற்றா என்றாள். எடுத்தாயிற்று என்றார். எப்படி எடுத்தார்கள் என்றாள். அது எனக்குத் தெரியாதம்மா என்றார். எந்த வழியாக எடுத்தார்கள் என்றே தெரியாதவருக்கு எடுத்தது மட்டும் எப்படித் தெரியும்? நியாயமான கேள்விதான், கேட்டும் விட்டாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டு, தன் கைக்கு வரும் பேப்பரில் கட்டி எடுத்த விவரம் இருக்கும், எப்படி என்கிற பகுதியை மட்டும் மறைத்துத்தான் அனுப்புவார்கள் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவ்வளவு நீளமான பேச்சில் மறைத்து என்ற ஒரு சொல்லை மட்டும் அவள் மனம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஆராய்ச்சி நர்ஸ் வந்தாள். ஒடிசலான பெண், நாற்பது வயது இருக்கும், கையில் பரீட்சை அட்டை. வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்கு மேல் ஒரு வலி இருக்கவே முடியாது என்றால் பத்து, இப்போது எத்தனை என்பது அவள் கேள்வி. முதலில் பக்கத்துக் கட்டில் லாரி டிரைவரிடம் கேட்டாள். அவரும் இதே ஆராய்ச்சியில் சேர்ந்தவர், அவர் வயிற்றிலும் இதே பிளாஸ்திரி, இவருக்கு ஒரு நாள் முன்னால் ஆபரேஷன் ஆனவர். மூன்று என்றார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள்.

லிஃப்ட் மெக்கானிக் சற்று யோசித்தார்.

"ரெண்டுன்னு எழுதிக்குங்க" என்றார்.

மூன்று வாரமாகச் சிரிக்காதிருந்த மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். மூன்றை விடக் குறைவு. அப்படியென்றால் துளைதான். வராந்தாவுக்கு ஓடி நாத்தனாருக்குப் போன் போட்டு, உன் அண்ணன் ரெண்டு என்று சொல்லிவிட்டார் என்றாள். பத்துக்கு ரெண்டுதானா என்று நாத்தனார் பதறிப்போனாள். இந்தப் பரீட்சையில் குறைச்சலாக வாங்கினவர்தான் கெட்டிக்காரர் என்று புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. திரும்பி வந்தபோது லாரி டிரைவர் ஆராய்ச்சி நர்ஸுக்கு மார்க் டீச்சர் என்று பெயர் வைத்து முடித்திருந்தார்.

இரண்டாம் நாள் டிரைவர் ரெண்டு என்றார். மெக்கானிக்கும் ரெண்டு என்றார். டிரைவர் எழுந்து வராந்தாவில் நாலு நடை நடந்து வந்து, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசினார். மெக்கானிக் கட்டில் ஓரத்துக்கு வந்து காலைத் தொங்கவிட்டார், நெற்றியில் வியர்வை அரும்பியது, நாளைக்கு நடக்கிறேன் என்று மறுபடி படுத்துக்கொண்டார். ஒரே ரெண்டு எப்படி ஒருவரை நடக்கவிடுகிறது, இன்னொருவரைப் படுக்கவைக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்தது. டிரைவர் ஒரு நாள் மூத்தவர், அதனால் இருக்கும் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலையில் அவருக்கு விக்கல். தண்ணீர் கொடுத்தால் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மூச்சைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி விட்டார். இடது தோளில் என்னவோ குத்துகிறது என்றார். படுக்கை விரிப்பு முதுகுக்கடியில் ஈரமாக இருந்தது. மார்க் டீச்சர் வந்து அட்டையைத் திருப்பி எத்தனை என்று கேட்டபோது அவருடைய வலது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்தது, விரல் முட்டிகள் வெளுத்துப்போயிருந்தன.

"ரெண்டு" என்றார். பல்லுக்கு நடுவே வந்தது சத்தம்.

மார்க் டீச்சரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. நிஜமாகவா என்று கேட்டாள். ரெண்டு என்றால் ரெண்டுதான் என்றார். அவள் திரும்பி மனைவியைப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான்.

"அவர் எப்பவும் மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டேதாங்க இருப்பார்" என்றாள் மனைவி.

இந்த இடத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி அவளைத் தப்பவைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் தெரிந்திருந்தது. அந்தக் கையை அவள் பார்த்தாள், ஈர விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு அந்த ரெண்டு வேண்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இரண்டு நாளாகச் சாப்பிட்டாள், நாத்தனாரிடம் பேசினாள். அதை யாரும் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. மார்க் டீச்சர் எழுதிக்கொண்டு போனாள். பின்னாலேயே வந்த தாடி டாக்டர் நாடி கொஞ்சம் ஓடுகிறதே என்று யோசித்தார், சார்ட்டைப் புரட்டினார், வலி ரெண்டு என்றிருப்பதைப் பார்த்தார், மத்தியானம் வந்து இன்னொரு முறை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

பத்து மணிக்கு அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கட்டிலே ஆடியது. அவள் வராந்தாவில் ஓடினாள். நர்ஸுகள் உட்காரும் மேஜையில் மார்க் டீச்சர் காலையில் வாங்கிய எண்களைப் பெரிய நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எட்டுங்க. இல்லை, ஒன்பது. ஒன்பதுன்னு எழுதுங்க" என்றாள் மனைவி.

"அவர் வாயால வந்ததைத்தாம்மா நான் எழுதணும். நீங்க சொல்றதை எழுத இதுல இடமே இல்லை."

மூன்று நாளாகத் தெரியாது தெரியாது என்றே கேட்டவளுக்கு, தெரிந்த ஒன்றைச் சொல்ல வந்தால் அதற்கு இடமில்லை என்கிறார்கள். எண்ணை மாற்றாமல் டாக்டர் வர மாட்டாரோ, அவர் வாயால் ஒன்பது என்று வரவழைத்துக்கொண்டுதான் இங்கே வரவேண்டுமோ என்று திகைத்துப்போய் நின்றாள். திரும்பி அவரிடமே ஓடலாமா என்றுகூட ஒரு காலை எடுத்து வைத்தாள். அதற்குள் மார்க் டீச்சர் நோட்டை மூடிவிட்டு எழுந்து, பாதி வராந்தாவைத் தாண்டியிருந்தாள்.

"எழுதத்தான் இடம் இல்லைன்னேன். வாங்க" என்றாள் திரும்பிப் பார்க்காமல்.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே ஓட்டம். தாடி டாக்டர் விலாப்பக்கம் கையை வைத்து அமுக்கினார், வயிறு பலகையாக இருந்தது. காய்ச்சல் நூற்று மூன்று. ஆராய்ச்சி இருக்கட்டும், இதை எடுங்க என்று பிளாஸ்திரியைக் காட்டினார். மூன்று நாளாக எதைப் பார்க்கத் தவித்தாளோ அது உரிபடும் சத்தம் கேட்டது. நடுவில் திரை இழுத்துவிட்டிருந்தார்கள். பார்க்கவேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை. சக்கரக்கட்டிலில் அவரைத் தள்ளிக்கொண்டு போனபோது கூடவே ஓடினாள், கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள்.

அந்தக் கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் கணக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் சரியாக வரவில்லை. இவ்வளவு வலி என்றால் பெரிய வெட்டு, பெரிய வெட்டு என்றால் கட்டி உள்ளேயே இருக்கிறது. உள்ளேயே இருந்தால் எதற்கு மறுபடி கொண்டுபோகிறார்கள்? ரெண்டு என்று அவர் எதற்குச் சொன்னார்? சொன்னதை நான் எதற்கு ஒத்துக்கொண்டேன்? கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்திருந்தது. பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது, எது அதிகம் என்று அவளால் பிரிக்க முடியவில்லை.

கதவைத் திறந்துகொண்டு சர்ஜன் வந்தார். குள்ளமான அம்மாள், மாஸ்க் அழுத்திய கோடு கன்னத்தில் இன்னும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை என்றார். கட்டியை வெட்டி எடுத்த பிறகு குடலின் இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்த இடம் விட்டுப்போய்க் கசிந்திருக்கிறது, யார் எப்படிச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகிவிடும் என்றார். வயிற்றைக் கழுவியாயிற்று. சில மாதத்துக்கு மலம் ஒரு பையில் போகும், அப்புறம் மறுபடி சேர்த்துவிடலாம். இந்தத் தடவை நீளமாகத் திறக்க வேண்டியதாகிவிட்டது.

"முதல் தடவை?" என்றாள் அவள்.

"முதல் தடவை துளைதாம்மா. நாலே நாலு துளை. கட்டி அன்னைக்கே முழுசா வந்துருச்சு."

துளை. நாலு துளையும் இருந்தது, கட்டியும் வந்துவிட்டது, வலியும் உயிரைக் குடித்தது. அவள் ஆறு வருஷமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்த கணக்கில் எந்த வரிக்கும் எந்த வரியும் சம்பந்தமில்லை. அப்படியென்றால் அண்ணனுக்கு வலித்தது எதனால்? அதை இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது? சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் அவள் மலங்க மலங்க விழித்தாள். நேற்றிலிருந்தே வலி ஏறியிருக்குமே, அவர் ஒன்றும் சொல்லவில்லையா என்று சர்ஜன் கேட்டார். முன்னாலேயே தெரிந்திருந்தால் பை வைக்காமல்கூட முடித்திருக்கலாமா என்று இவள் திருப்பிக் கேட்டாள். முடித்திருக்கலாம், முடியாமலும் போயிருக்கலாம், சொல்ல முடியாது என்றார். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் என்று அவள் நம்பிக் காத்திருந்தவரும் தெரியாது என்றுதான் எழுந்து போனார்.

மெக்கானிக் நாலு நாள் தீவிரப் பிரிவில் இருந்துவிட்டு வார்டுக்குத் திரும்பினார். லாரி டிரைவர் வீட்டுக்குப் போயிருந்தார், அந்தக் கட்டில் காலி. லேப் ரிப்போர்ட்டும் வந்திருந்தது. கட்டியோடு சேர்த்து எடுத்துப் பார்த்த பதினேழு நிணநீர் முடிச்சுகளில் ஒன்றில்கூடப் புற்று இல்லை என்று தாடி டாக்டர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். அவர் போன பிறகு அவள் நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல் நாள் நிஜமா எத்தனைங்க?"

"ஆறு இருக்கும்."

"அப்புறம் ஏன் ரெண்டுன்னீங்க?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். "ரெண்டுன்னதும் நீ சிரிச்ச. அப்புறம் அதை எப்படி ஏத்தறது?"

செத்துப்போயிருப்பீங்க என்று அவள் திட்ட ஆரம்பித்தாள். ஆமாம் என்று அவர் ஒத்துக்கொண்டுவிட்டதால் மேலே திட்டவும் வழியில்லாமல் போயிற்று. எழுந்து நேரே மார்க் டீச்சரைத் தேடிக்கொண்டு போனாள். நோட்டில் இருக்கும் மூன்று ரெண்டையும் அழித்துவிட வேண்டும், மூன்றும் பொய், முதல் இரண்டும் அவர் மட்டும் சொன்னது, மூன்றாவதில் எனக்கும் பங்கு உண்டு என்றாள்.

மார்க் டீச்சர் அழிக்க முடியாது என்றாள். சொன்னது சொன்னதுதான், அப்படியே இருக்கும், ஆராய்ச்சி முடிகிறவரைக்கும் இருக்கும், முடிந்த பிறகும் இருக்கும். அப்படியென்றால் ஆராய்ச்சி தப்பாகிவிடாதா என்று இவள் கேட்டாள். மார்க் டீச்சர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"துளை பக்கமும் பொய் சொல்வாங்க, வெட்டு பக்கமும் பொய் சொல்வாங்க. ரெண்டு பக்கமும் சமமாச் சொல்வாங்கன்னு ஒரு நம்பிக்கைதாம்மா. அதுக்குத்தானே சீட்டுக் குலுக்கறது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்றைக்குத் தனக்கும் அது ரெண்டாகத் தெரியவில்லை, கேட்டதை எழுதிவிட்டு நேரே டாக்டரிடம் போய் முகத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். இருவரும் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள் காலை ஏழரை. இப்போது மறைக்க ஒன்றும் இல்லை, பிளாஸ்திரியும் இல்லை, வயிற்றின் நடுவே நீளத் தையல், பக்கத்தில் பை. ஆனாலும் வீட்டுக்குப் போகிறவரை தினமும் கேட்டாக வேண்டும் என்பது விதி. மார்க் டீச்சர் அட்டையை எடுத்து, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்றாள்.

அவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரும் முன் அவர் கண் போய் மனைவியின் முகத்தில் நின்றது. விடைத்தாளை எட்டிப் பார்க்கிற பிள்ளையைப் போல அங்கே எதையோ தேடியது. ஒவ்வொரு நாளும் இப்படித்தான் பார்த்திருப்பார். அவள் அந்த நேரத்தில் நர்ஸின் பேனாவையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அவள் முகத்தை ஒன்றும் காட்டாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கன்னம் சொன்னபடி கேட்டது, உதடு கேட்கவில்லை. அவள் என்ன செய்தாலும் அவர் அதிலிருந்து ஒரு எண்ணை எடுத்துக்கொள்வார் என்று தெரிந்தது.

எழுந்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே மார்க் டீச்சர் மறுபடி எத்தனை என்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு "ஏழு" என்றார். சற்றுப் பொறுத்து, "இல்லைங்க, எட்டு" என்றார். அதைச் சொன்ன கையோடு அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தக் குரல் புதிதாக இருந்தது. கதவில் கையை வைத்துக்கொண்டு அவள் அதை முழுசாகக் கேட்டாள். மார்க் டீச்சர் எழுதி முடித்து வெளியே வருகிறவரைக்கும் அவள் உள்ளே போகவில்லை.